அருவிக் குளியலும் தீர்த்தமாடலும்: குற்றாலம் எழுப்பும் கேள்வி

குற்றாலம் சிவத்தலம், தமிழ்நாட்டின் பெயர்பெற்ற சுற்றுலா ஊர்களில் ஒன்றும்கூட. தென்காசியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. மூன்று சிகரங்களைக் கொண்டதால் திரிகூடமலை எனப்படும் மலையில் பிறக்கும் சிற்றாறு, தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் இறங்கி, ‘பொங்குமாங்கடல்’ என்ற பாறைக்குழியில் நிறைந்து, பேரருவியாக விழுகிறது. பிறகு தென்காசி வழியாகச் சமவெளியைக் கடந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடிய முக்கூடல் அந்த இடமே. ஐந்தருவி, புலியருவி, சிற்றருவி, பழைய குற்றால அருவி ஆகியவை சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்ற அருவிகள்.

ஜூன் மாதம் திருநெல்வேலிச் சமவெளி வெயிலில் காய்ந்து கிடக்கும். அந்தப் பகுதிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில்தான் வரும். தென்மேற்குப் பருவமழையை மலைக்கு அப்பால் கேரளமே பெரிதும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் செங்கோட்டைப் பக்கம் கசிந்து வருகின்றன. அந்தக் கசிவுதான் குற்றாலச் சாரல். மெல்லிய தூறல், இடையிடையே இளவெயில், மலைமேல் பெய்த மழையால் நிறைந்த அருவிகள் என்று ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் இந்தக் காலத்தை ஊர்மக்கள் ‘சீசன்’ என்கிறார்கள். அரசு சாரல் விழா நடத்துவதும் இந்தக் காலத்தில்தான். எண்ணெய் தேய்த்துவிடுவோர், நேந்திரம் சிப்ஸ் கடைகள், மங்குஸ்தான், ரம்புத்தான் பழக்கூடைகள், குளித்தபின் எழும் பசிக்குப் பிரானூர் பார்டர் கடைப் புரோட்டா என்று ஒரு தனி உலகமே அந்த மாதங்களில் உருவாகிவிடும்.

அதே அருவிக்கு வேறு காரணத்தோடும் மக்கள் வருகிறார்கள். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வருவோர் உண்டு. கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் பேரருவியில் நீராடிவிட்டே மலையேறுகிறார்கள். சித்திரை விசுவிலும் ஐப்பசி விசுவிலும் திருக்குற்றாலநாதர் கோயிலில் தீர்த்தவாரி நடக்கிறது. நீரும் ஒன்று, பாறையும் ஒன்று, குளிக்கும் செயலும் ஒன்று. ஒருவர் அதைத் தீர்த்தமாடல் என்கிறார். மற்றவர் ஜாலியான குளியல் என்கிறார். இரண்டும் வேறு வேறா? உல்லாசத்துக்காக வந்தவர் குளிப்பதில் சமயத்துக்குரியது ஏதேனும் உண்டா? இன்பத்தைத் தேடுவதும் இறைவனைத் தேடுவதும் எதிரெதிர்ப் பாதைகளா? குற்றாலத்தின் நீடித்த ஈர்ப்பு இந்தக் கேள்விகளோடு பின்னிக் கிடக்கிறது. தமிழ்ச் சமயச் சிந்தனை இவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தந்திருக்கிறது.

தலத்தின் அமைப்பு

சைவ மரபில் ஒரு திருத்தலம் மூன்றால் அமைவது: மூர்த்தி, தலம், தீர்த்தம். பெரும்பாலான ஊர்களில் மூர்த்தி முதன்மை. கோயிலுக்காகக் குளம் வெட்டப்படும். குற்றாலத்தில் தீர்த்தம் முந்தி நிற்கிறது. மனிதர் வெட்டாத நீர்நிலையின் பக்கத்தில் கோயில் எழுந்திருக்கிறது. பேரருவி விழும் பாறையிலேயே லிங்க வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நீர் குறையும் காலத்தில் அவை கண்ணுக்குத் தெரியும். அருவி பெருகும்போது இடைவிடாத அபிஷேகம் அந்த லிங்கங்களுக்குத் தானாகவே நடக்கிறது.

அருவிக்கரைக் கோயில் சங்கின் வடிவில் அமைந்தது. இறைவன் திருக்குற்றாலநாதர், இறைவி குழல்வாய்மொழி அம்மை. தலமரம் குறும்பலா. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் குறும்பலாவுக்கு ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். மலையும் சோலையும் விலங்கும் பறவையும் நிறைந்த அப்பாடல்களில் இயற்கையின் வளமும் இறைவனின் இருப்பும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

தலபுராணம் அகத்தியரை நடுவில் நிறுத்துகிறது. குற்றாலக் கோயில் திருமால் கோயிலாக இருந்த காலத்தில் சைவரான அகத்தியருக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. அவர் வைணவராக வேடமிட்டு நுழைந்து, திருமேனியின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது கதை. அந்த அழுத்தத்தால் இறைவனுக்குத் தலைவலி உண்டானதாகவும், அதனால்தான் நாள்தோறும் மூலிகைத் தைலம் சாத்தப்படுவதாகவும் சொல்வார்கள். இந்தக் கதையில் இரு சமயங்களின் பழைய போட்டி பதிந்திருக்கிறது. கதையிலிருந்து பிறந்த வழக்கம் அந்தப் போட்டியைவிட நீண்ட நாள் வாழ்கிறது. வலி உணரும் உடம்பாக இறைவனைப் பாவித்து மருந்திடும் வழிபாட்டில், உடம்பு இழிந்தது என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

சிவன் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையும் இங்கே இருக்கிறது. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் இரத்தினம், திருநெல்வேலியில் தாமிரம், குற்றாலத்தில் ஓவியம் என்பது வரிசை. ஐந்தில் இரண்டு தாமிரபரணிப் படுகையில் அமைந்துள்ளன. கோயிலிலிருந்து சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தோடு நிற்கும் சித்திர சபையில் நடராசர் சுவரோவியமாக இருக்கிறார். வழிபாடு அந்த ஓவியத்துக்கே நடக்கிறது. சுவர்களெங்கும் புராணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. மார்கழித் திருவாதிரை இங்கே பெருவிழா. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலின் வடிவமாகவே சைவம் அந்த ஆட்டத்தை விளக்குகிறது. உலகம் உண்டாவதும் ஒடுங்குவதும் ஆட்டம் என்றால், படைப்பின் அடியில் ஆனந்தம் இருக்கிறது என்பது அதன் உட்பொருள். அதனால் இன்பம் நாடி மக்கள் கூடும் ஊரில் ஆடல்வல்லானுக்குச் சபை இருப்பது பொருத்தமானதே.

நீராடலும் தெய்வமும்

நீர்விளையாட்டையும் வழிபாட்டையும் தனித்தனி அறைகளில் அடைக்கும் வழக்கம் பழந்தமிழில் இல்லை. பரிபாடல் இதற்குச் சிறந்த சான்று. தொகுக்கப்பட்ட எழுபது பாடல்களில் 22 மட்டுமே முழுமையாகக் கிடைத்திருக்கின்றன. திருமாலையும் செவ்வேளையும் பாடும் அதே நூல், வையையில் புதுவெள்ளம் வந்ததும் மதுரை மக்கள் அலங்கரித்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவதையும், காதலரோடு நீராடுவதையும், ஊடுவதையும் கூடுவதையும் பாடுகிறது. அதே வையையில் கன்னிப்பெண்கள் தைந்நீராடலை நோன்பாகச் செய்வதும் பாடப்படுகிறது. தெய்வத்துக்கு ஒரு நூல், விளையாட்டுக்கு ஒரு நூல் என்று தொகுத்தோர் பிரிக்கவில்லை.

திருமுருகாற்றுப்படை முருகனிடம் புலவனை ஆற்றுப்படுத்திவிட்டு, பழமுதிர்சோலை மலையில் இறங்கும் அருவியின் நீண்ட வருணனையோடு முடிகிறது. பக்தி நூலின் முத்தாய்ப்பாக அருவி நிற்கிறது. குறிஞ்சி நிலத்தில் மலையும் நீரும் தெய்வமும் ஒரே அனுபவத்தின் பகுதிகள் என்ற உணர்வு அந்த முடிவில் தெரிகிறது. குற்றாலம் அந்தக் குறிஞ்சி மரபின் தொடர்ச்சி.

பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி அந்தத் தொடர்ச்சியை நாடகமாக்கியது. பந்தாடும் வசந்தவல்லி உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு காதல்கொள்கிறாள். குறி சொல்ல வரும் குறத்தி சிங்கி தன் மலையின் வளத்தைப் பாடுகிறாள். அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான். இறைவன் மேல் கொள்ளும் பக்தி உடம்பு சார்ந்த காதலாகவும், தலத்தின் பெருமை குரங்கும் தேனும் அருவியும் நிறைந்த மலைவளமாகவும் சொல்லப்படுகின்றன. இதற்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர்பெற்றது. தலபுராணத்தையும் இந்தச் சிருங்கார நாடகத்தையும் எழுதியவர் ஒருவரே. பக்திக்கு ஒரு கவிராயர், போகத்துக்கு ஒரு கவிராயர் என்று அந்த ஊருக்குத் தேவைப்படவில்லை.

மறுப்புக் குரல்கள்

நீர் இன்பத்தையும் வழிபாட்டையும் இப்படி இணைப்பதை எல்லா மரபுகளும் ஏற்கவில்லை. வலுவான மறுப்பு சமணத்திலிருந்து வருகிறது. பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கழுகுமலையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளின் சமணப் புடைப்புச் சிற்பங்களும், அவற்றைச் செய்வித்த துறவியரின் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. திகம்பரத் துறவியருக்குரிய 28 மூலகுணங்களில் ஒன்று குளியாமை. நீரிலும் உயிர் உண்டு, குளிப்பது அவ்வுயிர்களுக்குத் துன்பம் என்பது ஒரு காரணம். உடம்பைப் பேணும் ஆசை வினையை வளர்க்கும் என்பது இன்னொன்று. சம்பந்தரும் அப்பரும் சமணரைத் தாக்கும்போது அவர்களின் குளியாமையையும் சேர்த்தே இகழ்ந்தார்கள். பூசலின் சூட்டை நீக்கிப் பார்த்தால், அது உடம்பைப் பற்றிய இரண்டு தத்துவங்களின் மோதல். ஒன்று உடம்பை விடுதலைக்குத் தடையாகக் கண்டது. மற்றது கருவியாகக் கண்டது.

இரண்டாவது மறுப்பு மனத்தை முன்னிறுத்துகிறது. புறத்தூய்மையை நீர் தரும், அகத்தூய்மையை வாய்மையே தரும் என்று திருக்குறள் பிரித்துக் காட்டுகிறது. மனத்தில் மாசை வைத்துக்கொண்டு நீராடி மாண்புடையோர் போல நடந்துகொள்வோரையும் வள்ளுவர் கண்டிக்கிறார். நீருக்கென்று தனியாக ஒழுக்க ஆற்றல் எதுவும் இல்லை என்பது இந்த நிலை.

மூன்றாவது மறுப்பு சைவத்துக்குள்ளிருந்தே எழுந்தது. கங்கையிலும் காவிரியிலும் குமரிக் கடலிலும் ஆடினாலும், இறைவன் எங்கும் உள்ளான் என்று உணராதவருக்குப் பயனில்லை என்று அப்பர் ஐந்தாம் திருமுறையில் பாடினார். உள்ளத்துக்குள்ளேயே தீர்த்தங்கள் பல இருக்க, அவற்றை அறியாமல் மேடும் பள்ளமும் ஏறி இறங்கித் திரிகிறார்களே என்று திருமூலர் வருந்தினார். அப்பர் தம் முதுமை வரை தலம் தலமாக நடந்தவர். தலயாத்திரை வேண்டாம் என்பது அவர் கருத்தாக இருக்க முடியாது. உணர்வு இல்லாத யாத்திரை போதாது என்பதே அவர் சொன்னது.

மாணிக்கவாசகரின் நிலை இவற்றையெல்லாம்விடக் கூர்மையானது. திருவாசகத்தின் திருப்புலம்பலில் உறவினரும் ஊரும் பேரும் வேண்டாம், கற்றவர் கூட்டமும் வேண்டாம், இனிக் கற்கவேண்டியதும் இல்லை என்று ஒவ்வொன்றாக உதறுகிறார். அந்த உதறலை அவர் சொல்வது குற்றாலத்தில் வீற்றிருக்கும் கூத்தனிடம். கன்றை நினைத்துக் கசியும் பசுவைப் போல உருக வேண்டும் என்பதே எஞ்சும் ஒரே வேண்டுகோள். கூட்டம் கூட்டமாக மக்கள் மகிழ வரும் ஊரின் இறைவன் முன்னால் இந்தத் துறவுப் பாடல் நிற்கிறது. மகிழ்ச்சியைப் பழிக்கும் ஒரு சொல்லும் அதில் இல்லை. அடையாளங்களைக் கழற்றிப் போடுவதுதான் அதன் சாரம். அந்தச் சாரத்துக்கும் அருவிக்குளியலுக்கும் உள்ள உறவு கீழே விளக்கப்படும்.

போகத்துக்குச் சைவ சித்தாந்தம் தரும் இடம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தால் நூல்வடிவம் பெற்ற சைவ சித்தாந்தம், இந்த மறுப்புகளை உள்வாங்கிக்கொண்டு ஒரு விடை தருகிறது. உயிர்கள் அநாதியாகவே ஆணவ மலத்தால் கட்டுண்டு, தம்மையும் அறியாமல் இறைவனையும் அறியாமல் இருளில் கிடக்கின்றன. அவற்றை விழிக்கச் செய்ய இறைவன் மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கைத் தருகிறான். தனு என்பது உடம்பு. கரணம், மனம் முதலிய கருவிகள். புவனம், வாழும் உலகம். போகம், அங்கே நுகரும் அனுபவம். இவற்றின் வழியாகவே உயிர் வினையைக் கழித்துப் பக்குவம் அடைகிறது. உலகம் பொய்த்தோற்றமாகவோ தண்டனைக் கூடமாகவோ இங்கே கருதப்படுவதில்லை. அருளோடு தரப்பட்ட பயிற்சிக்களமாகவே கருதப்படுகிறது.

இந்தப் பார்வையில் இன்பத்தின் தகுதி மாறுகிறது. குளிர்ந்த நீர் உச்சந்தலையில் விழும்போது எழும் மகிழ்ச்சி இறைவழிக்குக் குறுக்கே நிற்கும் சோதனை ஆகாது. உயிருக்காக அமைத்துத் தரப்பட்ட போகங்களில் அதுவும் ஒன்று. தவறு நுகர்வதில் இல்லை. தந்தவனை மறந்து, நுகர்பவன் தானே எல்லாம் என்று கருதும் ஆணவத்தில் இருக்கிறது. குளிக்காமல் இருப்பது தவம் என்ற சமண நிலைக்கும், குளித்தாலே போதும் என்ற சடங்கு நிலைக்கும் நடுவே சித்தாந்தம் இப்படி ஒரு வழியைக் காண்கிறது.

உடம்பால் செய்யும் ஒரே செயல் வேறு நாடுகளில் வேறு பொருள் பெறுவதையும் இங்கே ஒப்பிடலாம். ஜப்பானில் மலைத்துறவியர் உறையும் குளிரில் அருவியின் கீழ் நின்று மந்திரம் ஓதுவதைத் தவமாகச் செய்கிறார்கள். அங்கே அருவி தாங்க வேண்டிய துன்பம். பாலித் தீவில் பத்தாம் நூற்றாண்டில் தோன்றிய தீர்த்த எம்புல் ஊற்றுக்கோயிலில், வரிசையாக அமைந்த நீர்த்தாரைகளின் கீழ் இந்து பக்தர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் ஒரே வரிசையில் நின்று நனைகிறார்கள். அந்தத் தீவின் சமயத்துக்கே தீர்த்தச் சமயம் என்ற பெயரும் உண்டு. குற்றாலம் பாலிக்கு நெருக்கமானது. ஒரு வேறுபாடு: குற்றாலத்தில் முறைப்படி நீராடும் வரிசை கிடையாது. சங்கல்பம் செய்தவரும் செய்யாதவரும் ஒரே தண்ணீருக்குள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அறியாமல் சேரும் புண்ணியம்

சங்கல்பம் செய்யாதவருக்கு என்ன கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. புராணங்கள் பொதுவாகத் தீர்த்தத்தின் ஆற்றலை நீரிலேயே வைக்கின்றன. தொட்டவருக்குப் பலன் உண்டு. குறளும் அப்பரும் மனத்தில் வைக்கிறார்கள். சித்தாந்தம் இரண்டையும் இணைத்து, சிவபுண்ணியத்தை அறிந்து செய்தது, அறியாமல் செய்தது என்று வகைப்படுத்துகிறது. பின்னதற்கு அபுத்திபூர்வம் என்று பெயர். திருமறைக்காட்டுக் கோயிலில் விளக்கின் நெய்யை உண்ண வந்த எலி தற்செயலாகத் திரியைத் தூண்டிவிட, விளக்கு பிரகாசித்தது. அந்த எலி மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்ற கதையை அப்பரே பாடியிருக்கிறார். எலியின் நோக்கம் நெய் மட்டுமே. ஆனாலும் அந்தச் செயல் கணக்கில் சேர்ந்தது.

சனி, ஞாயிறு விடுமுறைக்கு வேன் பிடித்து வரும் குடும்பம் அந்த எலியின் நிலையில் இருக்கிறது. அவர்கள் தேடி வந்தது குளிர்ச்சி. வந்த இடம் தலமாகவும் தீர்த்தமாகவும் இருக்கிறது. குளித்து முடித்த ஈரத்தலையோடு கோயிலுக்குள் போய்த் திருநீறு வாங்கிப் பூசிக்கொள்வோர் பலர். உள்ளே போகாமல் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறுவோரும் உண்டு. சித்தாந்தப்படி இந்தச் சிறு செயல்களும் வீண்போவதில்லை. அறியாத புண்ணியம் அறிந்த புண்ணியத்துக்கு ஏணி. முதலாவது படியில் நிற்பவரைப் பார்த்துக் கடைசிப் படியில் நிற்பவர் ஏளனம் செய்ய முடியாது.

இறைநம்பிக்கையை ஏற்காதவரும் இந்தக் கருத்தின் ஒரு பகுதியை ஏற்கலாம். ஒரு செயலின் விளைவு செய்தவரின் நோக்கத்துக்குள் முழுவதும் அடங்கிவிடுவதில்லை. உல்லாசத்துக்காக வந்தவர் மன ஆறுதலோடு திரும்புவது அன்றாட அனுபவம். அருவியில் குளித்தால் பித்தம் தெளியும், மூலிகைகளைத் தழுவி வரும் நீர் நோய் தீர்க்கும் என்று மக்கள் நம்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பங்களாக்கள் கட்டினார்கள். கிராம்பு போன்ற நறுமணப் பயிர்த் தோட்டங்களும் அமைந்தன. அவர்கள் கோயிலுக்காக வரவில்லை, ஆரோக்கியத்துக்காக வந்தார்கள். இலக்கிய ரசிகரான ரசிகமணி டி.கே.சி. 1954இல் மறையும் வரை தம் பிற்கால வாழ்க்கையைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். அவர்கள் தேடியது கவிதைச் சுவையும் நட்பும். வெவ்வேறு நோக்கங்களோடு வந்த எல்லோருக்கும் அந்த ஊர் ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறது.

அருவியின் கீழ் ‘நான்’

குளத்தில் குளிப்பவர் நீரை ஆளுகிறார்; எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பது அவர் கையில். பெருகி விழும் அருவியின் கீழ் நிலைமை தலைகீழ். நீர் தோளிலும் முதுகிலும் அறைகிறது. இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் கேட்காது, கண் திறக்க முடியாது, மூச்சையே கவனித்து வாங்க வேண்டும். சில விநாடிகளுக்குக் கடன், வழக்கு, வேலை, பரீட்சை எதுவும் நினைவில் தங்குவதில்லை. யோக நூல்கள் நீண்ட பயிற்சியால் அடையச் சொல்லும் மன ஒருமையின் நிழல் ஒன்று இங்கே உடம்பின் வழியாகவே நேர்கிறது. இதை ஞானம் என்று சொல்வது மிகை. அலைபாயும் மனம் அடங்குவது எப்படி இருக்கும் என்ற ருசியை அது காட்டுகிறது என்று சொல்வதே சரி.

அடையாளங்களும் அங்கே ஓரளவு கழன்றுவிடுகின்றன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. மற்றபடி வரிசை கிடையாது. நனைந்த துண்டோடு நிற்பவரில் யார் அதிகாரி, யார் கூலித் தொழிலாளி என்று தெரியாது. கடையநல்லூர் முஸ்லிம் குடும்பமும் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பமும் சங்கரன்கோவில் இந்துக் குடும்பமும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. நீர்நிலைகளில் சாதியால் விலக்கிவைக்கும் கொடுமை இந்தியாவில் நெடுங்காலம் நிலவியது. கிணறு, குளம், நீராடுதுறை ஆகியவற்றில் யாரையும் சாதியாலோ சமயத்தாலோ தடுக்கக் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது அதனால்தான். இன்றைய அருவிக்கூட்டத்தின் கலப்பு, சட்டமும் போராட்டமும் பெற்றுத்தந்த உரிமையின் பின்னணியில் பார்க்கப்பட வேண்டியது.

ஊரும் பேரும் வேண்டாம் என்று மாணிக்கவாசகர் குற்றாலக் கூத்தனிடம் கேட்டதற்கும் இந்தக் கணத்துக்கும் உள்ள தொடர்பு இங்கே தெளிவாகிறது. அவர் கேட்டது நிலையான விடுதலை. அருவி தருவது சில நிமிட விடுப்பு. கரையேறித் தலைதுவட்டி உடை மாற்றியதும் ஊரும் பேரும் சாதியும் பதவியும் திரும்பி வந்து ஒட்டிக்கொள்கின்றன. அளவில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஆனாலும் திசை ஒன்றுதான். இன்பத்தின் உச்சியில் ‘நான்’ சிறுத்துப்போகிறது. துறவின் உச்சியிலும் அதுவே நிகழ்கிறது. இன்பத்தையும் துறவையும் எதிரெதிராக நிறுத்தும் வாதம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

வரம்பு

போகம் அருளின் கொடை என்ற கொள்கைக்கு ஒரு கடமையும் உண்டு. கொடையை நுகர்பவர் அதைச் சிதைக்கக் கூடாது. குற்றாலத்தில் இது நடைமுறைச் சிக்கலாகவே இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஊரின் நெடுநாள் வழக்கம். கூட்டம் பெருகப் பெருக எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் பிளாஸ்டிக் பைகளும் சிற்றாற்றில் சேர்ந்தன. 2014இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதித்தது. இதே நீர்தான் கீழே வயலுக்கும் குடிநீருக்கும் போகிறது.

முந்தைய வாதத்தின் மறுபக்கம் இங்கே தெரியும். அறியாமல் செய்த நன்மை கணக்கில் ஏறும் என்றால், அறியாமல் செய்த தீங்கும் ஏறத்தான் வேண்டும். ‘நான் குளிக்கத்தானே வந்தேன்’ என்பது ஷாம்பு பாக்கெட்டை எறிந்தவருக்குச் சமாதானம் ஆகாது. எலியின் கதையிலிருந்து ஆறுதல் பெறுபவர் அதன் கண்டிப்பையும் ஏற்க வேண்டும். குளிப்பதே நீர்வாழ் உயிருக்குத் தீங்கு என்ற சமணரின் எச்சரிக்கைக்கும் இங்கே புதிய பொருள் கிடைக்கிறது. அவர்கள் நீரை உயிருள்ளதாகக் கருதினார்கள்; இன்றைய சூழலியல் வேறு வழியாக வந்து, ஆற்றை உயிர்களின் தொகுதியாகக் கருதச் சொல்கிறது.

இரண்டாவது வரம்பு ஆபத்து. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீசார் குளிக்கத் தடை விதிப்பார்கள். ‘ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது’ என்பது சீசனில் அடிக்கடி கேட்கும் பேச்சு. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். இறைவன் ஆட்டத்தில் படைத்தலோடு அழித்தலும் சேர்ந்தே இருக்கிறது என்பது சைவத்தின் பாடம். அருவியின் இன்பத்தையும் அதன் வேகத்தையும் தனித்தனியாகப் பெற முடியாது. தடையை மதிப்பது பக்திக்குக் குறைவு ஆகாது. தீர்த்தத்தின் ஆற்றலை உண்மையில் உணர்ந்தவர் செய்வது அதுதான்.

மூன்றாவது வரம்பு வணிகம். விடுதிகள் கூடும்போது, அருவி ஒரு தலமாக இல்லாமல் விற்பனைப் பொருளாக மாறும் அபாயம் உண்டு. இதற்கு மாற்றாகச் சமய மரபில் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது: ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் உரிய காலம், உரிய ஒழுங்கு. செண்பகாதேவி, தேனருவி போன்ற மேல் அருவிகளுக்குச் செல்ல வனத்துறை விதித்திருக்கும் கட்டுப்பாடு இதன் இன்றைய வடிவம். மலையின் எல்லாப் படிகளும் எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்க வேண்டியதில்லை. மேலே காடு காப்பாற்றப்பட்டால்தான் கீழே நீர் விழும். பருவமழை பொய்த்த ஆண்டுகளில் வறண்ட பாறையைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு இது தெரியும்.

தொகுத்துச் சொன்னால், குற்றாலத்தின் ஈர்ப்பு தலைமுறை கடந்து நிலைப்பதற்குத் தட்பவெப்பம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை; குளிர்ந்த மலையூர்கள் தமிழ்நாட்டில் வேறு பலவும் உண்டு. அவற்றில் பலவற்றைக் கோடை வாசத்துக்காக ஆங்கிலேயர் உருவாக்கினார்கள். குற்றாலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாடலும் வழிபாடும் இருக்கின்றன. அவை இன்பத்தை விலக்காமல் தமக்குள் இடம் கொடுத்தன. தீர்த்தமாடலும் உல்லாசக் குளியலும் ஒன்றல்ல. முன்னதில் அறிவு உண்டு, பின்னதில் அனுபவம் மட்டுமே உண்டு. ஆனால் இரண்டும் பகையல்ல. அனுபவம் அறிவாக வளர இடமிருக்கிறது என்பதே சைவம் தரும் விடை. அந்த வளர்ச்சி குளிப்பவரிடம் நிகழ்ந்ததா என்பதற்குக் கண்முன் கிடைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அவர் விட்டுச்சென்ற தண்ணீர் அடுத்தவர் குளிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும்.